பிள்ளைகளிடம் மறைத்த கதை

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தாராவி மறுசீரமைப்பைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நான் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான்.

கணக்கெடுக்க வந்தவர்கள், 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கு இருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தகரப் பெட்டியைக் குடைந்தேன். 1976 குடிசைக் கணக்கெடுப்பில் என் தகப்பனாருக்குக் கொடுத்த போட்டோ பாஸ் கிடைத்தது. என் மகன் அதைப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னான்: "நாம பழைய ஆளுங்கப்பா. கீழே தைக்கிறானே பீகார்க்காரன், அவனுங்களை எல்லாம் ஊருக்கு விரட்டணும்."

தோழர்களே, இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 1960-களின் கடைசியில் "மதராஸிகளை விரட்டு" என்று தெருவில் கத்தினார்கள். அன்று என் தகப்பனார் வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, இரவல் கால்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ரயிலில் தமிழ் பேசாதே என்று என் வாயைப் பொத்தினார். இதை என் மகனுக்கு நான் சொன்னதே இல்லை. 2008-ல் வட இந்தியத் தொழிலாளர்களை அடித்தபோதாவது சொல்லியிருக்கலாம். அன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். "தாத்தா பிழைக்க வந்தார்" என்று ஒரே வரியில் முடித்து வைத்திருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்தில் தோளில் துண்டு போட்டதற்காக அவரை மரத்தில் கட்டி வைத்த கதையை எப்படிச் சொல்வது? இங்கே வந்து தோல் பதனிடும் இடத்தில், சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு, விரல் வெந்து, சோற்றைப் பிசைய முடியாமல் அம்மா ஊட்டிவிட்டதை எப்படிச் சொல்வது? பிள்ளை படித்தவன், அவனுக்கு எதற்கு இந்த நாற்றம் என்று நினைத்தேன். அவமானம் நம்முடையது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது!

அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் என் மனைவி பேசினாள். 1982 ஜனவரி 18-ல் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியது; இரண்டரை லட்சம் பேரில் நானும் ஒருவன். அந்த வருடம் அவளுடைய கம்மல் தொலைந்து போனதாகச் சொல்லியிருந்தாள். அது தொலையவில்லையாம், அரிசிக் கடைக்குப் போயிற்றாம். நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்கே தெரியாது! வீட்டுக்குள்ளேயே இத்தனை ரகசியம்.

மகன் மனம் மாறிவிட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். "அது வேற காலம்ப்பா" என்கிறான். வாதம் நடக்கிறது, நடக்கட்டும். ஆனால் இப்போது அவனே கேட்கிறான், நோட்டில் எழுதியும் வைக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, "பாட்டி எந்த வருஷம் ரயிலேறினாங்க, கூட யார் வந்தாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. என் தாயார் 2009-ல் காலமானார். அதுவரை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.