நிவாரணப் பணமும் நமது கடன் நோட்டும்

(தா.பழூரில் ஆற்றிய உரையிலிருந்து)

 

கொள்ளிடக் கரையில் வாழும் நமக்கு வெள்ளம் புதிதல்ல. 2021 ஜனவரி மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் வயலிலேயே முளைத்தது. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 33 சதவீதமாவது சேதமானால்தான் கணக்கில் வரும். சரி, பணம் யாருக்குப் போகிறது? பெரும்பாலும் பட்டாதாரருக்கு! சேற்றில் இறங்கிப் பாடுபட்ட வாய்மொழிக் குத்தகைக்காரர் கையைப் பிசைந்து நிற்கிறார்.

இளைஞர்களே! குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே சட்டம் வந்துவிட்டது. தாசில்தார் அலுவலகம் வரை அவரோடு நடந்து செல்லுங்கள். அடங்கலில் அவர் பெயர் ஏறியிருக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். செத்த ஆட்டைப் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுங்கள். 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஏழைக்கு அது சிறிய தொகையா? அவர் எந்த மதத்தவர் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

வியாபாரப் பெருமக்களே, கோபிக்கக் கூடாது. நிவாரணம் வந்த அன்றே கடன் நோட்டோடு வாசலில் போய் நிற்கிறோமே, இது நியாயமா? சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம். அது விதைநெல்லுக்கான பணம். அடுத்த போகம் விளைந்தால்தானே நம் பாக்கியும் வரும்? அறுவடை வரை நோட்டை மூடி வையுங்கள்.