அகன்ற கண்ணும் குறுகிய சட்டகமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியச் சுவையில் திளைத்திருக்கும் இவ்வவையில் படக்கருவியைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், கபிலை ஆற்றங்கரையில் வாழும் நமக்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படத்தை ஒளிப்பதிவு செய்த வி. கே. மூர்த்தி, இந்த நஞ்சன்கூட்டிலிருந்து 23 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மைசூரில் 1923-ஆம் ஆண்டு பிறந்தவர். குரு தத் இயக்கத்தில் 1959-இல் வெளிவந்த 'காகஸ் கே பூல்' என்பதே அப்படம். படம் வசூலில் தோற்றது. குரு தத் அதன்பின் எப்படத்திற்கும் இயக்குநர் என்று தம் பெயரை இட்டுக்கொள்ளவில்லை. மூர்த்திக்கோ, தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் என்னும் பெருமை 2008-ஆம் ஆண்டுக்குரிய விருதால் வாய்த்தது.

சினிமாஸ்கோப்பின் சூட்சுமம் ஒரு வில்லையில் அடங்கியுள்ளது. அனமார்ஃபிக் லென்ஸ் என்பர். எவர்சில்வர் தம்ளரை நிமிர்த்தி வைத்து அதில் நம் முகத்தைப் பாருங்கள். உயரம் அவ்வளவாகக் குறைவதில்லை. அகலம் மட்டும் ஒடுங்கிவிடுகிறது. இவ்வில்லையும் அதையே செய்கிறது. காட்சியின் அகலத்தைப் பாதியாக ஒடுக்கிப் பிலிமில் பதிக்கும். கொட்டகையில் மற்றொரு வில்லை அதை மீண்டும் விரிக்கும். பிரான்சு நாட்டு அறிஞர் ஆன்றி கிரேத்தியன் 1920-களில் இதனை ஆக்கினார். டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் அதனை வாங்கி, 1953-இல் 'தி ரோப்' என்னும் படத்தை வெளியிட்டது. தமிழுக்கு அது வந்து சேர இருபதாண்டுகள் ஆயின. ஏ. பி. நாகராசனின் 'இராஜராஜ சோழன்' 1973-இல் வந்தது.

உயரம் ஒன்றென்றால் அகலம் 2.35. இதுவே நாம் பழகிய சினிமாஸ்கோப் சட்டகம். இன்றைய வீட்டுத் தொலைக்காட்சியின் அகலமோ ஏறத்தாழ 1.78 மட்டுமே. அங்ஙனமிருக்க, குறுகிய சட்டகத்திற்குப் படம் பிடிப்போர் சிலர் இந்த அகன்ற வில்லையை ஏன் நாடுகின்றனர்? அகலத்திற்காக அன்று, அதன் குணத்திற்காக. பின்புலத்து விளக்குகள் இவ்வில்லையில் வட்டமாகத் தெரியாமல் முட்டை வடிவில் நீண்டு தெரியும். எதிரொளி குறுக்குக் கோடாகப் பாயும். மேலும், ஓரங்களில்தான் இவ்வகை வில்லைகளின் கோணலும் மங்கலும் மிகுதி. இரு பக்கங்களையும் வெட்டிவிட்டால் தெளிவான நடுப்பகுதி எஞ்சும்.

இதற்கு விலையும் உண்டு. இன்றைய கருவியின் உணரி 4:3 அளவினது என்று கொள்வோம். இரட்டிப்பு ஒடுக்கமுள்ள வில்லையை மாட்டினால், விரித்த காட்சியின் அகலம் உயரத்தைப் போல் 2.66 மடங்காகும். அதைத் தொலைக்காட்சியின் அளவுக்குக் குறைத்தால் சரியாக மூன்றில் ஒரு பங்கு வீணாகும். 1.33 மடங்கு மட்டும் ஒடுக்கும் வில்லைகளும் உள்ளன. அவற்றை அதே உணரியில் மாட்டினால் 16:9 அப்படியே கிடைக்கும், அணுவளவும் வீணில்லை. ஆனால் விளக்கொளி அவ்வளவாக நீளாது. நாம் தேடிய குணமும் பெரும்பாலும் போய்விடும். சிக்கனமும் அழகும் ஒரே வில்லையில் வருவது அரிது.

வெட்டுவதாயின் எப்போது வெட்டுவது? என் பேச்சின் கரு இதுவே. இத்தாலிய ஒளிப்பதிவாளர் வித்தோரியோ ஸ்தொராரோ, 'அபோகலிப்ஸ் நவ்' (1979), 'தி லாஸ்ட் எம்பரர்' (1987) ஆகிய படங்களை அனமார்ஃபிக் வில்லையால் அகலமாக எடுத்தார். பின்னாளில், வீட்டில் பார்ப்பதற்கான பதிப்புகளில் அவற்றை 2:1 என்று தாமே குறுக்கினார். திரையரங்கிற்கும் வீட்டிற்கும் பொதுவாக ஒரே அளவு வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் மேதை; ஐயமில்லை. ஆயினும் இதில் அவரோடு நான் உடன்படேன். 2.35-க்கென நிறுத்தி வைத்த மனிதரைப் பின்னால் வெட்டுவது, கட்டிய வீட்டின் சுவரை இடித்துத் தெருவை அகலமாக்குவது போன்றது. எடுப்பவர் படம் பிடிக்கும்போதே காண்பானில் குறுகிய சட்டகத்தின் கோடுகளை வரைந்துகொள்ள வேண்டும். கோட்டிற்கு வெளியே உள்ளதை இழக்கத் துணிந்தபின்பே பொத்தானை அழுத்த வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தவறு செய்த தகுதிதான். சில ஆண்டுகளுக்கு முன் பங்குனித் தேர்த் திருவிழாவை, நம் ஊரார் தொட்ட ஜாத்ரே என்று போற்றும் விழாவை, வாடகைக்கு எடுத்த அனமார்ஃபிக் வில்லையால் படமாக்கினேன். வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கான படம் அது. ஐந்து தேர்களும் அசைந்து வரும் அழகில் மயங்கிக் கோடு வரைய மறந்தேன். படம் தயாரானபோது தேர் நடுவில் கம்பீரமாக நின்றது. வடம் இழுத்தவர்களில் பாதிப்பேர் இல்லை. அவ்வாறு விடுபட்டவர்களுள், ஆண்டுதோறும் வலப்பக்க வடத்தைப் பற்றும் நம் சங்கத்து மூத்தவர் ஒருவர். "தம்பி, நான் வரவே இல்லைபோல் இருக்கிறதே!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என்னைச் சுடுகிறது. தெப்போற்சவத்தன்று கோடு வரைந்தே எடுத்தேன். கபிலையில் விளக்குகள் நீள்வட்டங்களாக மிதந்தன. அந்தப் பகுதியைப் பலரும் பாராட்டினர், அவரும் பாராட்டினார்.

அடுத்த தேருக்கு அவர் இல்லை. அவர் துணைவியார் என்னிடம் வந்து, வடம் பிடித்த நிலையில் படம் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டார்கள். பழைய பதிவைத் தேடி எடுத்து, வெட்டாமல் முழு அகலத்திற்கு விரித்துப் பார்த்தேன். வலப்பக்க ஓரத்தில், வில்லையின் கோணலால் சற்றே வளைந்து, மங்கலாக, ஆனால் ஐயமின்றி, தோளில் துண்டோடு அவர் இழுத்துக்கொண்டிருந்தார். நான் சட்டகத்திற்கு வெளியே விட்டவரை வில்லை விட்டுவிடவில்லை.

இன்று விருந்துக்குப் பின் அந்த மூன்று நிமிடக் காட்சியை, மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு, முழு அகலத்தில் இந்த மண்டபத்துத் திரையில் காட்டவிருக்கிறோம். முன்வரிசையில் அவர் குடும்பத்தார்க்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். மற்றவர்கள் தேரைப் பார்க்கும்போது சற்று வலப்பக்கமும் பார்க்க வேண்டுகிறேன்.