மாணவரும் இயந்திரக் கட்டுரையும்
(ஆட்டையாம்பட்டியில் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

கைம்முறுக்குக்குப் பேர்பெற்ற இவ்வூரில், அச்சிற் பிழிந்ததைக் கைம்முறுக்கென்று விற்பாரை நாம் ஒப்புவோமா? ஒப்போம். ஆயின் நம் பிள்ளைகள் சிலர், 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்ற இயந்திரங்கள் எழுதித் தந்ததைத் தம் கட்டுரையென்றே கல்லூரியிற் சமர்ப்பிக்கின்றனர். பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வகுத்த விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை நூற்றுக்கு 60-க்கு மேற்படின் ஆய்வாளர் பதிவே இரத்தாகும். இயந்திரமோ ஒவ்வொரு முறையும் புதிதாய்ச் சொற்கோப்பதால் அவ்வளவுகோலுக்கு எளிதில் அகப்படுவதில்லை.

நிற்க. வேறோர் இடரும் உளது. நம்மவர்க்கு அதுவே பெரிது. இயந்திர எழுத்தைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவிகள் முற்றும் நம்பத்தக்கன அல்ல. ஓப்பன்ஏஐ நிறுவனத்தாரே தாம் செய்த கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டனர். ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் தாமே எழுதியவற்றையும் இத்தகைய கருவிகள் இயந்திரத்தின்மேல் ஏற்றியதை ஸ்டான்போர்டு ஆய்வாளர் அவ்வாண்டே காட்டினர். நம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி ஏறிய பெண், எளிய ஆங்கிலத்தில் நேர்மையாய் எழுதியும் குற்றவாளி ஆகலாமன்றோ? ஆதலின் பிள்ளைகள் முதற்படி, திருத்தப்படி, குறிப்பேடு யாவற்றையும் தேதியிட்டுப் பாதுகாக்க வேண்டும். பெற்றோர், மதிப்பெண் கேட்குமுன் அப்படிகளைக் கேட்பாராக. ஆசிரியராகிய நாமும், கருவி காட்டும் எண்ணையே பிடித்துக்கொள்ளாது, மாணாக்கரை எதிரிருத்தி ஐந்து நிமிடம் வாயால் வினாவினாற் போதும்.