வேஷமும் சுயமரியாதையும்

(ஒரு கிராம வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். கடவுள், ஜாதி, சடங்கு இவற்றைப் பற்றிக் கேட்கலாம் என்று வந்தவர்கள், "வைத்தியர் பேசவேண்டியதை இவர் பேசுகிறாரே" என்று நினைக்கவும் கூடும். நாம் வைத்தியரல்ல, கல்லூரி வாசற்படியை மிதித்தவருமல்ல. ஆனால் இது மனிதன் மானத்தோடு வாழ்வதைப் பற்றிய விஷயமானதாலும், நம் சொந்த அநுபவமானதாலும் பேசத் துணிந்தோம். வழக்கம்போல, நாம் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். உங்கள் வீட்டிலும் தெருவிலும் நடப்பதோடு ஒத்திட்டுப் பார்த்து, சரி என்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தோழர்களே! எந்த ஊரிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்று நீங்கள் மரியாதைக்குச் சொன்னால், மறுநாள் காலையிலேயே வந்து நிற்பார்கள். "சௌக்கியமா?" என்றால், "மூன்று நாளாய் வயிற்றுவலி" என்று உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். கல்யாண வீட்டில் கெட்டிமேளம் முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவார்கள். இழவு வீட்டில் ஊரே அழும்போது அழாமல் நிற்பார்கள்; துக்கமில்லாமல் அல்ல, துக்கத்தை ஊர் எதிர்பார்க்கிறபடி காட்டத் தெரியாமல். ஆனால் அவர்களுக்குப் பிடித்த ஒன்றைக் கேட்டுவிட்டால், நெல் வகையானாலும் ரயில் நேரமானாலும், விடிய விடியச் சொல்வார்கள். இவர்களுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் என்ன? கிறுக்கன், திமிர் பிடித்தவன், உம்மணாமூஞ்சி என்பவைதானே?

இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே ரகம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இவர்களில் பலருக்கு இருப்பது ஆட்டிசம் என்பதாகும். அது மூளை வளர்ச்சியிலேயே பிறவி முதல் அமைந்த ஒரு வித்தியாசம். பேயுமல்ல, சனியின் பார்வையுமல்ல, முன்ஜென்ம வினையுமல்ல.

"குடி அரசு" தோன்றிய அதே 1925-ம் வருஷத்தில், மாஸ்கோவில் சுகரெவா என்ற பெண் டாக்டர் இத்தன்மையுடைய 6 சிறுவர்களைப் பற்றி எழுதினார். உலகம் நெடுநாள் அதைக் கவனிக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் கானர் என்பவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் ஆட்டிசம் என்ற பெயர் பரவிற்று. அப்புறமும் என்ன நடந்தது? தாய் பாசமில்லாமல் வளர்த்ததுதான் காரணம் என்று படித்தவர்களே பல வருஷம் சொல்லி, பெற்றவளை அழவைத்தார்கள். 1977-ல் இங்கிலாந்தில் 21 ஜோடி இரட்டையர்களைச் சோதித்து வெளியிட்ட ஆராய்ச்சி, இது பெரிதும் பிறவிக்கூறு என்று காட்டிற்று. படித்தவனிடத்திலும் மூடநம்பிக்கை உண்டு. ஆனால் சோதனைக்கு முன் அவன் தன் தப்பை விட்டுவிட வேண்டியதாயிற்று. எந்த ஜோசியன் இதுவரை அப்படி விட்டிருக்கிறான்?

ஆட்டிசம் என்றால் குழந்தைகளின் சங்கதி என்றே பலர் நினைக்கிறார்கள். குழந்தை குழந்தையாகவே இருந்துவிடுமா? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2021-ம் வருஷத்துக்குச் சொல்லும் கணக்குப்படி, உலகில் 127 பேருக்கு ஒருவர் இத்தன்மையுடையவர். அப்படியானால் வளர்ந்தவர்கள் எங்கே? அவர்கள் உங்கள் பக்கத்திலேயேதான் இருக்கிறார்கள். வேஷம் போட்டுக்கொண்டிருப்பதால் தெரிவதில்லை.

நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு இது இன்னதென்று டாக்டர் மூலம் தெரிந்தபோது வயது 42. அதுவரை பிறர் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்த்துச் சிரித்தோம். கண்ணைப் பார்க்க முடியாமல் நெற்றியைப் பார்த்துப் பேசினோம். கல்யாணத்துக்குப் போகுமுன் யார் என்ன கேட்பார், என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தோம். "மேடையில் இவ்வளவு பேசுகிறவருக்கா?" என்பீர்கள். மேடையில் யார் எப்போது பேசவேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. நமக்குக் கஷ்டம் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான். ஒரு விசேஷத்துக்குப் போய்வந்தால் இரண்டு நாள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்போம். வீட்டிலிருப்பவர்கள் அதைக் கோபம் என்றே எண்ணியிருந்தார்கள்.

இந்த வேஷத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது எது? மூடநம்பிக்கையும் அடியுமேயாகும். இத்தன்மையுடைய பலருக்குக் கையையோ காலையோ ஆட்டுவதால் மனம் அமைதிப்படுகிறது. சிறுவயதில் நாம் காலை ஆட்டினால், "காலாட்டாதே, வீட்டுக்குத் தரித்திரம்" என்று தொடையில் அடி விழும். திரும்பி வரும் உத்தேசமில்லாத இடத்தில் "போகிறேன்" என்று சொன்னால், "அபசகுனம், போய்வருகிறேன் என்று சொல்" என்று தலையில் குட்டு விழும். உண்மை சொன்னவனுக்குக் குட்டு; பொய் சொன்னவனுக்கு நல்ல பிள்ளை என்ற பட்டம்! பெண் குழந்தையானால் இன்னும் மோசம். அவள் பேசாமல் மூலையிலிருந்தால், "அடக்கமான பெண்" என்று மெச்சி, அவள் கஷ்டம் இன்னதென்று கேட்காமலே கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

"எல்லோரும்தானே ஊருக்காக வேஷம் போடுகிறோம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் போடுவது, வேண்டும்போது எடுத்து வைத்துவிடும் மேல்துண்டு மாதிரி. நாங்கள் போடுவது விழித்த நேரமெல்லாம் தலையில் சுமக்கும் பாரம். 2018-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஆட்டிசத் தன்மையுடையவர்களிடத்தில் இந்த வேஷம் அதிகமாயிருக்கிற அளவுக்குத் தற்கொலை எண்ணமும் அதிகமாய்க் காணப்படுவதாகச் சொல்லுகிறது. ஆகவே இது நாகரிகப் பேச்சல்ல, உயிர்ப் பிரச்சினை.

ஒரு காலத்தில் மிராசுதாரைக் கண்டால் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டவேண்டியிருந்தது. அப்படிக் கட்டியவனுக்குக் கூனிக் குறுகுவது பிறவிக் குணமா? கட்டாவிட்டால் கூலி கிடையாது, உதை உண்டு என்பதால் கட்டினான். இரண்டு கொடுமையும் ஒன்றே என்று சொல்லமாட்டோம். ஆனால் ஒருவன் தன்னை மறைத்தால்தான் மனிதனாய் மதிப்போம் என்கிற நிபந்தனை இரண்டிலும் ஒன்றுதான்.

இவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்றார்கள். 2012-ல் டேமியன் மில்ட்டன் என்னும், தாமே ஆட்டிசத் தன்மையுடைய ஆங்கில அறிஞர் ஒரு கேள்வி கேட்டார்: அவர்களுக்கு உங்களைப் புரியவில்லை என்கிறீர்கள், உங்களுக்கு அவர்களைப் புரிகிறதா? இரண்டு பேருக்கு இடையே உள்ள குறையை ஒருவன் தலையில் மட்டும் ஏன் கட்டுகிறீர்கள்? இந்தக் கேள்விக்குப் பகுத்தறிவுள்ளவன் பதில் சொல்லியாகவேண்டும்.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். பல வருஷங்களுக்கு முன் நம் கூட்டமொன்றுக்கு ஓர் இளைஞர் வந்தார். தலை குனிந்தபடி பாயின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். "பாயைத் தின்றுவிடாதே தம்பி" என்று நாம் மேடையிலிருந்தே கேலி செய்தோம். சபை சிரித்தது. அவர் மறுபடி வரவில்லை. அவர் யார் என்பது நமக்கு உள்ளூரத் தெரியும்; நாமும் மேஜைக்கடியில் விரலைத் திருகிக்கொண்டுதான் பேசினோம். நம் வேஷம் கலையாதிருக்க அவரைக் காட்டிக்கொடுத்தோம். சுயமரியாதை பேசிய வாயால் ஒருவர் மரியாதையைக் கெடுத்தோம். அதற்குப் பரிகாரம் கோயிலிலும் இல்லை, குளத்திலும் இல்லை. இன்று உங்கள் முன் சொல்வதுதான் நம்மால் ஆனது.

வேஷத்தை இன்றே எல்லோரும் கழற்றி எறியுங்கள் என்று நாம் உபதேசம் செய்யவில்லை. எறிந்தால் வேலை போய்விடும், பெண் கொடுக்கமாட்டார்கள் என்ற நிலையிலிருப்பவனிடம் அதைச் சொல்வது அக்கிரமம். கழற்றினாலும் ஆபத்தில்லை என்ற நிலையை உண்டாக்கவேண்டியவர்கள் நீங்கள்தான். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. ஆனால் சட்டம் கல்யாணப் பந்தியில் வந்து உட்காராது, நீங்கள்தான் உட்காருகிறீர்கள். ஆதலால் வேண்டியதைச் சுற்றிவளைக்காமல் நேராகச் சொல்லுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். காலாட்டுகிற பிள்ளையை ஆட்டவிடுங்கள். தரித்திரம் வருவது காலாட்டுவதாலா, கடன் வாங்கித் திருவிழாச் செய்வதாலா என்று யோசியுங்கள். விசேஷத்தில் ஒலிபெருக்கியைக் குறைத்து, சந்தடியில்லாத ஓரிடம் ஒதுக்குங்கள். கல்யாணம் செய்தால் சரியாய்ப் போகும் என்று மறைத்து முடிக்காமல், இருவருக்கும் உள்ளதைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். மந்திரிக்கக் கூட்டிப் போகாமல், தெரிந்த டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் நாம் உங்களோடு நின்று பேசாமல், வாசகசாலையின் பின்கட்டில் சிறிது நேரம் தனியே இருப்போம். அதைத் திமிர் என்று எண்ணமாட்டீர்கள் என்று நம்புகிறோம். அந்த இளைஞரை உங்களில் யாருக்காவது தெரிந்தால், பாயைத் திருகிக்கொண்டே உட்காரலாம், வரச்சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.