டேட்டா இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்

ஒரு ஆபீஸ் கொடுத்த சான்றிதழையே ஜெராக்ஸ் எடுத்து இன்னொரு ஆபீஸ்ல நீட்டுறது நமக்குப் பழக்கம். எஸ்தோனியாவில் 2001-லயே இதுக்கு ஒரு வழி வந்தாச்சு: எக்ஸ்-ரோடு.

எல்லா டேட்டாவையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்கல. ஒவ்வொரு துறையோட டேட்டாவும் அந்தத் துறைகிட்டயே இருக்கும். இன்னொரு துறைக்கு உங்க முகவரி வேணும்னா, கேள்வி ஒரு மெசேஜா போகும். பதில் மெசேஜா வரும். ரெண்டு பக்கமும் ஒரு செக்யூரிட்டி சர்வர். அது மெசேஜை என்கிரிப்ட் பண்ணி, டிஜிட்டல் கையெழுத்து போட்டு, லாக்ல பதிஞ்சிடும். "நாங்க கேட்கவே இல்லையே"ன்னு பின்னாடி மறுக்க முடியாது.

எனக்குப் பிடிச்சது அந்த லாக்தான். தன் விவரத்தை எந்தத் துறை, எப்போ பார்த்ததுன்னு பல பதிவேடுகளில் அங்க குடிமக்களே ஆன்லைனில் பார்க்கலாம்.

உங்க விவரத்தைக் கடைசியா எந்த ஆபீஸ் பார்த்துச்சு? தெரியுமா?