நம் நிலத்தை நம் கண்ணால் காண்போம்

(வெள்ளிவிழாவையொட்டி நம் இளைஞர்களுக்கென நடத்தப்பெற்ற நிழற்படப் பயிற்சி முகாமின் தொடக்கவுரை)

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் நிழற்படப் பயிற்சி எதற்கு என்று நம்மவர் சிலர் வினவினர். மாலைநேர வகுப்பு, நூலகம், தேர்வுக்குப் பயிற்சி ஆகியவையன்றோ நம் பணி என்றனர். நியாயமான வினா. விடை சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நமக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. அதனைப் பெற்றவுடன் நம் முன்னோர் செய்த முதற்பணிகளுள் ஒன்று பத்திரிகை நடத்தியது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கண்டார். 1920-இல் அண்ணல் அம்பேத்கர் மராத்தியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே உலகம் படித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையை மாற்றவே அவர்கள் அச்சு எழுத்தைக் கையில் எடுத்தனர்.

நிழற்படத்திலும் நம் வரலாறு அத்தகையதே. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு ‘இந்திய மக்கள்’ என்னும் பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. சாதி சாதியாக, குலம் குலமாக மக்களை நிறுத்திப் படம் பிடித்து, இன்னார் இன்ன குணத்தினர் என்று கீழே குறிப்பும் எழுதினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, ஹூப்பர் என்னும் படை அதிகாரி பட்டினியால் எலும்புக்கூடாகிப்போன மக்களை வரிசையாக அமரவைத்துப் படம் எடுத்தார். அப்படங்கள் இன்றும் உள்ளன. படத்தில் உள்ளவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் எந்த ஊரினர், என்ன சொல்ல விரும்பினர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை.

காமிராவின் முன்னால் நாம் நெடுங்காலம் நின்றிருக்கிறோம். காமிராவின் பின்னால் நின்று பார்ப்பதற்கே இப்பயிற்சி.

இது புதுமையான எண்ணமன்று. 1990-களின் தொடக்கத்தில் சீன நாட்டின் யுன்னான் மாநிலத்தில் 62 கிராமப் பெண்களின் கையில் காமிரா கொடுக்கப்பட்டது. தங்கள் அன்றாட வாழ்வை அவர்களே படம் எடுத்தனர். படங்களை நடுவில் வைத்துத் தங்களுக்குள் பேசினர். பின்னர் அவற்றை அதிகாரிகளின் முன் வைத்தனர். தண்ணீர் சுமக்கும் பாடும், வயல் வேலையின்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத துயரும் அப்படங்களில் இருந்தன. இம்முறையை வகுத்த கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகிய இருவரும் 1997-இல் அதனை விளக்கி எழுதினர். அதன் பின்னர் இம்முறை பல நாடுகளிலும் பரவிற்று. படம் எடுப்பது, கூடிப் பேசுவது, பொறுப்பிலுள்ளோரிடம் கொண்டு செல்வது என்னும் மூன்று படிகளை மனத்தில் இருத்துங்கள். முதற்படியோடு நிற்பவருக்குப் படம் மட்டுமே மிஞ்சும்.

எதைப் படம் எடுப்பது? நாம் வாழும் நிலத்தை, நீரை, காற்றை. சுற்றுச்சூழல் என்றால் காடும் புலியும் என்று நினைப்போர் உண்டு. நமக்கோ அது வாசற்படியில் தொடங்குகிறது. ஊர் மேட்டில் இருந்தது. சேரி பள்ளத்தில் இருந்தது. ஊர்க் குளத்து நீர் நமக்கு இல்லை என்றனர். 1927-இல் மகாடு நகரின் சவதார் குளத்தில் அண்ணல் இறங்கி நீர் பருகியது நீருக்கான போராட்டமும் மானத்துக்கான போராட்டமும் ஒன்றே என்பதனை நாட்டுக்கு உணர்த்திற்று.

இன்றைய நிலையைத் தென்சென்னையில் காணலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்பர். சுற்றிலுமுள்ள 31 ஏரிகளின் உபரிநீர் அதில் வந்து தங்கும். பின்னர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலை அடையும். வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் மடியாக அந்நிலம் இருந்தது. அதன் மேல் சாலைகள் எழுந்தன; அலுவலகங்கள் எழுந்தன; பெருங்குடியில் மாநகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டது. எஞ்சியதில் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

அந்நிலத்தை ஒட்டியே 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரும், பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் மறுகுடியமர்வுப் பகுதிகளாக உருவாயின. நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட உழைக்கும் மக்கள் அங்கே குடியேற்றப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் நம் மக்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின், ஆற்றங்கரையில் வாழ்வது ஆபத்து என்று கூறப்பட்டு மேலும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்பகுதியையும் வெள்ளம் சூழ்ந்தது. வெள்ளத்திற்கு அஞ்சி வெளியேற்றப்பட்டவர்கள் வெள்ளம் தேங்கும் இடத்திற்கே வந்து சேர்ந்தனர்.

இங்கு நிழற்படத்தின் இருமுகத்தையும் காண வேண்டும். ஆற்றோரக் குடிசையைப் படம் எடுத்து, அதன் கீழே ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதினால் அப்படம் ஒரு குடும்பத்தை வெளியேற்றும் கருவியாகிவிடும். சதுப்பு நிலத்தின் மேல் எழுந்த பெருங்கட்டடத்தின் படத்திற்குக் கீழே ‘வளர்ச்சி’ என்று எழுதப்படும். படத்தைவிடப் படத்தின் கீழுள்ள எழுத்தே பல வேளைகளில் தீர்ப்பு வழங்கிவிடுகிறது. ஆகவேதான் கல்விச் சங்கம் இப்பயிற்சியை நடத்துகிறது. படமும் உங்களுடையதாக இருக்கட்டும்; படத்தின் கீழுள்ள சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும்.

2020-இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டன. அவை அழகியவை, அதனை நாம் மறுக்கவில்லை. அவற்றைப் படம் எடுக்க வெளியூராரும் வந்தனர். நம் இளைஞர்கள் அவற்றையும் எடுக்கட்டும். அத்தோடு மழைநீர் வடிந்தபின் சுவரின் அடியில் நிற்கும் கறைக்கோட்டையும் எடுக்கட்டும்.

இப்பயிற்சியில் நீங்கள் பழக வேண்டியவை சில. ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, மாதந்தோறும் அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கிப் படம் எடுங்கள். ஒரு படம் ஒரு நாளைத்தான் காட்டும். பன்னிரண்டு படங்கள் ஓர் ஆண்டைக் காட்டும். தேங்கிய நீரைப் படம் எடுக்கும்போது அளவுகோலையோ குடத்தையோ அருகில் வையுங்கள். ஆழத்தைப் பார்ப்பவர் தாமே அறிவர். நாள், நேரம், தெரு, திசை, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே குறிப்பேட்டில் எழுதுங்கள். மூலப்படத்தை அழிக்காதீர்கள், அதனைத் திருத்தவோ வண்ணம் ஏற்றவோ வேண்டா. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு சான்றாக ஏற்கப்படுவதற்குரிய நிபந்தனைகளையும் சான்றிதழையும் கூறுகிறது. கைபேசிப் படமும் அத்தகைய பதிவே. ஒழுங்காக வைத்த படமே நாளை மன்றத்தில் நிற்கும்.

கெட்டதை மட்டுமே தேடித் திரியவும் வேண்டா. கோரைப் புல்லையும், கூழைக்கடாவையும், பூநாரையையும், நீலத் தாழைக்கோழியையும் எடுங்கள். ஏரியின் பழைய கலங்கல் எங்கிருந்தது, எந்த வாய்க்கால் எந்தத் தெருவின் அடியில் மறைந்தது என்று முதியோரைக் கேட்டு, அவர்கள் கைகாட்டும் இடத்தில் அவர்களையே நிறுத்தி எடுங்கள். நேசிக்காத நிலத்தை நாம் காக்கமாட்டோம்.

இனித் தாய்மார்கள் எழுப்பிய வினாவுக்கு வருவோம். “நம் வாசலில் ஓடும் சாக்கடையை ஊர் உலகத்துக்குக் காட்டி நாமே நம்மை இழிவுபடுத்திக்கொள்வதா?” என்று கேட்டனர். இக்கேள்வியில் நூற்றாண்டுகளின் காயம் உள்ளது. நம்மை அழுக்கென்று சொன்னவர்கள் முன் நம் தாய்மார்கள் வாசலைப் பெருக்கிக் கோலமிட்டு மானத்தைக் காத்தனர். அம்மானத்திற்கு ஊறு நேர இப்பயிற்சி இடம் தராது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேட்டுத் தெருவிலிருந்து பள்ளத்திற்கு வந்து தேங்கும் கழிவு நம்முடையதன்று. மாநகரம் முழுவதும் சேர்த்த குப்பை நம்முடையதன்று. நம் மேல் கொட்டப்பட்டதை மறைத்து வைப்பது கொட்டியவருக்கே உதவும். கழிவு எங்கிருந்து புறப்பட்டு நம் வாசலை அடைந்தது என்று அதன் வழியெங்கும் படம் எடுப்போம். அப்போது வெட்கம் போய்ச்சேர வேண்டிய இடத்திற்குப் போய்ச்சேரும்.

மனிதரைப் படம் எடுப்பதில் மட்டும் தனிக் கட்டுப்பாடு வேண்டும். சப்பான் நாட்டின் மினமட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் கடலிற் கலந்து, மீன் வழியே மக்களின் நரம்புகளைச் சிதைத்தது. 1956-இல் அந்நோய் முறைப்படி கண்டறியப்பட்டது. யூஜின் ஸ்மித்தும் அவர் துணைவியார் அய்லீனும் 1971 முதல் அங்கேயே தங்கிப் படங்கள் எடுத்தனர். நோயுற்ற மகளைத் தாய் நீராட்டும் படம் உலகின் மனச்சான்றை உலுக்கியது. மகள் மறைந்து பல்லாண்டுகள் கழிந்தபின், அவள் இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் கருதினர். 1998-இல் அய்லீன் அப்படத்தின் மீதான முடிவுரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார். உலகப் புகழ் பெற்ற படமாயினும் அதில் உள்ளவரின் விருப்பமே பெரிது என்பதற்கு இது சான்று.

எனவே கேட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், வேண்டா என்றால் விட்டுவிடுங்கள். எவரேனும் மலக்குழிக்குள் இறங்கக் கண்டால் முதலில் தடுத்து நிறுத்துங்கள். பாதுகாப்பின்றி அப்பணியில் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓர் உயிரைக் காட்டிலும் எந்தப் படமும் பெரிதன்று.

எடுத்த படம் கைபேசிக்குள் உறங்கக் கூடாது. மாதக் கூட்டத்தில் அதனை நடுவில் வைத்துப் பேசுவோம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்த வடிகாலுக்கு எவ்வளவு தொகை ஒதுக்கப்பட்டது என்று கேட்போம். மனுவோடு படத்தை இணைப்போம். தேவையெனில் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் நாடுவோம். ‘அவ்விடத்தில் நீர் தேங்கவில்லை’ என்று ஓர் அலுவலர் பதில் எழுதுவாரானால், நாளும் நேரமும் குறித்த பன்னிரண்டு படங்கள் அவருக்கு மறுமொழி கூறட்டும்.

நம் சொல்லை நம்ப மறுத்த உலகம் இது. சாட்சி சொல்ல வந்தபோதெல்லாம் நம் சாதியைப் பார்த்தனர். சொன்ன செய்தியைப் பார்க்கவில்லை. இளைஞர்களே, மறுக்க இயலாத சாட்சியத்தைத் திரட்டும் திறன் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பருவமழைக்கு முன் முதற்படத்தை எடுங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில், பன்னிரண்டு மாதப் படங்களும் நம் நூலகச் சுவரில் தொங்க வேண்டும். அவற்றைப் பார்த்து, அடுத்து எந்த வாயிலைத் தட்டுவது என்று நாம் அனைவரும் கூடி முடிவு செய்வோம்.