கையை விடும் காலை



விஜயதசமியன்று அரிசியில் ‘அ’ எழுதுவித்து ஏடு தொடக்கும்போது நாம் அழுவதில்லை. பிள்ளை நம் மடியிலேதான் இருக்கிறது. தரம் 1க்கு வெள்ளைச் சட்டை தைக்க அளவெடுக்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது. அதுவரை நேர்முகத் தேர்வுக்குக் கோப்புக் கட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில், அனுப்பப்போவது பிள்ளையை என்பதே மறந்துபோகிறது! பழைய மாணவியரின் பிள்ளைகளுக்கென நூற்றுக்கு 25 இடம் உண்டுதான். அந்த வரிசையும் நீளம்.

புலம்பெயர்ந்த நம் தோழியருக்கு இந்தப் பிரிவு முந்தி வருகிறது. இங்கே 5 வயது நிறையவேண்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் 4 வயதிலேயே அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் தமிழ் மட்டும் பேசிய பிள்ளை “தண்ணி விடாய்க்குது” என்றால் அங்கே யாருக்கு விளங்கும்? அந்தப் பயத்தில் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிற தாய்மார் உண்டு. அது வேண்டாம் என்பதே எம் எண்ணம். பள்ளியின் மொழி பள்ளியில் வந்துசேரும். வீட்டில் கைவிட்ட தமிழைப் பிறகு பிடிப்பது கடினம். தண்ணீர், கழிப்பறை, நோவு ஆகியவற்றுக்கான நான்கு சொற்களை மட்டும் முன்கூட்டிப் பழக்கினால் போதும்.

முதல்நாள் வாசலில் கண்கலங்கினால் கலங்கட்டும். ஆனால் பிள்ளை பார்க்காத நேரம் ஒளித்துப் போகவேண்டாம். “மணியடிக்க அம்மா இதிலே நிற்பேன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன இடத்திலேயே நிற்போம்.